நாலு வருஷம், இரண்டு வாளி, ஒரு கறுப்பு வேகன் ஆர்

2021இல் இந்தக் காரை வாங்கும்போது இலங்கையில் வாகன இறக்குமதி நின்று ஒரு வருஷம் தாண்டியிருந்தது. வேறு கார் என்ற பேச்சுக்கே இடமில்லை, இருக்கிற பெயின்டையாவது காப்பாற்றுவோம் என்று வீட்டிலேயே கழுவ இறங்கினேன். 2025 பெப்ரவரியில் இறக்குமதி திறந்தது. விலையைக் கேட்டுவிட்டு வந்து, அதே காரைத்தான் கழுவிக்கொண்டிருக்கிறேன்.

கறுப்புக் கார் வாங்காதே என்று மாமா சொன்னார். கேட்கவில்லை. வெயில் பட்டால் பொனட் முழுக்கச் சிலந்திவலை மாதிரி வட்டக் கீறல். மெஷின் வாங்கி ஒரு ஞாயிறு முழுக்கப் பொலிஷ் போட்டேன், கண்ணாடி மாதிரி ஆனது. மூன்றே மாதத்தில் வலை திரும்பி வந்தது. குற்றம் பொலிஷில் இல்லை, என் கையில் இருந்த ஸ்பொஞ்சில். ஒரே வாளியில் முக்கி, தோட்டத்து ரோட்டுச் செம்மண்ணையே திரும்பத் திரும்ப பெயின்டில் தேய்த்திருக்கிறேன். நிறத்துக்கு மேலே இருக்கும் கிளியர் கோட் என்ற நிறமில்லாப் பூச்சு தலைமுடியை விட மெல்லியது. பொலிஷ் போடும் ஒவ்வொரு தடவையும் அதில் கொஞ்சம் போய்விடும். எத்தனை தடவைதான் போடுவது?

இப்போது கழுவத்தான் அதிக நேரம் எடுக்கிறேன். முதலில் சக்கரங்கள், அதற்குத் தனி வாளி. அவிசாவளை போய்த் திரும்பினால் கினிகத்தேனைக்குக் கீழே மலைப்பாதையில் பிரேக்கை மிதித்தபடிதான் இறங்க வேண்டும். பிரேக் தேய்ந்து விழும் இரும்புத் தூள் முன் சக்கரத்தில் அப்பிவிடும். அதைக் கரைக்கும் அயர்ன் ரிமூவர் அடித்தால் ஊதா நிறமாக வழியும். நாற்றம் தாங்காது, வீட்டம்மா ஜன்னலைச் சாத்திவிடுவார்.

அப்புறம் பூச்செடிக்கு அடிக்கிற கைப்பம்பில் ஷாம்பூ தண்ணீர் (பம்ப் புதிதாக இருக்க வேண்டும், மருந்து அடித்தது ஆகாது). நுரை சில நிமிஷம் ஊறினால் பாதி மண் தானாக இறங்கும். ஹோஸால் கழுவிவிட்டுத்தான் ஸ்பொஞ்சுக்குப் பதிலான கழுவும் கையுறை படும். ஒரு வாளியில் ஷாம்பூ, இன்னொன்றில் கையுறையை அலச வெறும் தண்ணீர். கூரையிலிருந்து கீழே, நேர்கோட்டில். கதவின் அடிப்பாகம் கடைசி.

“ரெண்டு வாளி எதுக்கண்ணே, தண்ணி ஒண்ணுதானே?” என்று பக்கத்து வீட்டுத் தம்பி கேட்டான். வெறும் தண்ணீர் வாளியைச் சாய்த்து அடியைக் காட்டினேன். விரல் விட்டுப் பார்த்தான், நறநறவென்று மணல். அதற்குப் பிறகு கேட்கவில்லை, ஆனால் அவன் பைக்குக்கு இன்னும் சலவைத் தூள்தான் போடுகிறான். சலவைத் தூளும் பாத்திரம் கழுவும் திரவமும் மெழுகை உரித்துவிடும்.

நம் மலைப் பக்கத்துத் தண்ணீர் ஒரு வரம். மலை ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீரில் சுண்ணாம்பு குறைவு, காய்ந்தாலும் வெள்ளைப் புள்ளி அவ்வளவாக விழாது. யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரில் கழுவிய நண்பரின் கார் கண்ணாடியைப் பார்த்தபோதுதான் அருமை புரிந்தது. பனி மூடிய காலையில் ஷாம்பூவும் சட்டென்று காயாது. ஆனால் ஆறு மணித் தண்ணீரில் கை விறைத்து, கையுறை நழுவுவதே தெரியாது. ஜூன், ஜூலை மழையில் துண்டு காயாது. ஒரு தடவை அடுப்படியில் தொங்கவிட்டேன், ஒரு மாதம் காரைத் துடைத்தபோதெல்லாம் புகை வாசனை.

கழுவியதும் கையில் பிளாஸ்டிக் பையை மாட்டி பெயின்டைத் தடவுவேன். சொரசொரப்பு தெரிந்தால் கிளே, அதாவது ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் கட்டி. அது கீழே விழுந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். 2023இல் நான் காசு பார்த்து, துடைத்துவிட்டுத் தேய்த்தேன். டிரைவர் பக்கக் கதவில் அந்தக் கோடு இன்னும் இருக்கிறது.

பொலிஷுக்கு முன் கதவுகளைத் திறந்து மூடி, பக்கக் கண்ணாடிகளைத் தட்டிவிடுங்கள். அங்கே ஒளிந்திருக்கும் தண்ணீர் பாதி வேலையில் வழிந்து பொலிஷைக் கரைக்கும்.

கையுறையை இதுவரை இரண்டு முறை மாற்றிவிட்டேன். வாளிகள் அப்படியே. மெழுகு மட்டும் மழைக்காலத்தில் இரண்டு மாதம் தாங்குவதே பெரிது. பொலிஷ் மெஷினை 2024க்குப் பிறகு வெளியே எடுக்கவில்லை. மாமா அதன் பெட்டியில் உருளைக்கிழங்கு விதை வைத்திருக்கிறார்.