கரீபியன் க்ரூஸுக்குக் கூட்டாகப் பணம் கட்டுகிறீர்களா? முதலில் கப்பல் கம்பெனியின் புக்கிங் நம்பரைக் கேளுங்கள்

‘கோடை விடுமுறை கரீபியன் க்ரூஸ், க்ரூப் ரேட், எல்லாம் உள்ளடக்கம்’ என்று ஒரு போஸ்டர் மறுபடியும் நம் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. போன வருடம் எங்களிடம் பணம் வாங்கிய அதே ஏஜெண்ட்தான். விவகாரம் நீதிமன்றத்தில் இருப்பதால் பெயரைப் போடவில்லை. அவர் எங்கெங்கே எப்படிக் கை வைத்தார் என்பதை மட்டும் விவரமாக எழுதுகிறேன். வேறு பெயரில் வேறு ஆள் வந்தாலும் உங்களுக்கு அது பிடிபட வேண்டும்.

நாங்கள் திருச்சியில் ஒரே ஹாஸ்டலில் இருந்த தோழிகள் எட்டுப் பேர். டல்லாஸ், ஹூஸ்டன், நியூஜெர்சி என்று இப்போது ஆளுக்கொரு பக்கம். ஸ்பிரிங் பிரேக்கில் குடும்பங்களோடு ஏழு இரவு மேற்குக் கரீபியன் போவதாக முடிவு செய்தோம். டெக்சாஸின் கால்வெஸ்டனில் ஏறி, ஜமைக்காவின் ஃபால்மத், கிராண்ட் கேமன், மெக்சிகோவின் கோசுமெல் பார்த்துவிட்டுத் திரும்பக் கால்வெஸ்டன். ஒருத்தியின் தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று இந்த ஏஜெண்ட் வந்தார்.

“எட்டு கேபின் சேர்ந்தா க்ரூப் ரேட் அக்கா. பால்கனி ரூம், டிப்ஸ், வைஃபை, நம்ம ஊர் வெஜ் சாப்பாடு, மூணு ஊரும் சுத்திப் பாக்குறது எல்லாம் இதுக்குள்ளயே வந்துடும். நீங்க பெட்டிய எடுத்துட்டு வந்தா போதும்” என்றார். நான்கு பேர் குடும்பத்துக்கு 6,400 டாலர். பணம் ஸெல்லில் (வங்கிக் கணக்கிலிருந்து நேராக இன்னொருவர் கணக்குக்கு அனுப்பும் அமெரிக்க வசதி) அனுப்ப வேண்டும், கார்டு என்றால் மூன்று சதவீதம் கூடும். ஏழு குடும்பங்கள் ஸெல்லில் அனுப்பினோம். ஹூஸ்டன் தோழி மட்டும், “கூடினா கூடிட்டுப் போகுது, நான் கார்டுலதான் குடுப்பேன்” என்று நின்றாள். அந்த மூன்று சதவீதம் பின்னால் அவளுக்கு எவ்வளவு உதவியது என்பதைச் சொல்கிறேன்.

பணம் போனதும் அழகான பிடிஎஃப் ஒன்று வந்தது. கப்பல் படம், அவருடைய லோகோ, கீழே ‘கன்ஃபர்மேஷன் நம்பர்’. அந்த நம்பரைக் கப்பல் கம்பெனியின் ஆப்பில் போட்டால் அப்படி ஒரு புக்கிங்கே இல்லை என்கிறது. கேட்டதற்கு, “க்ரூப் புக்கிங்னா கம்பெனிக்காரங்க கடைசி மாசம்தான் நம்பர் ரிலீஸ் பண்ணுவாங்க அக்கா” என்றார். இது சுத்தப் பொய். முன்பணம் கட்டி, பயணிகளின் பெயரைக் கொடுத்து கேபினைப் பதிவு செய்ததுமே கப்பல் கம்பெனி ஒவ்வொரு கேபினுக்கும் தனி நம்பர் கொடுத்துவிடும். அந்த நம்பரையும் உங்கள் கடைசிப் பெயர், பிறந்த தேதியையும் போட்டால் கம்பெனியின் தளத்திலேயே கேபின் வகை தெரியும், டிப்ஸ் கட்டியாகிவிட்டதா என்பதும் தெரியும். அதனால்தான் நம்பரைத் தராமல் இழுத்தடித்தார்.

கிளம்ப மூன்று வாரம் இருக்கும்போது நம்பர் வந்தது. பால்கனி என்று பேசிய அறைகள் எல்லாமே ‘இன்சைடு கேரண்டி’. அதாவது ஜன்னலே இல்லாத உள்ளறை, அதிலும் எந்தத் தளம், எந்த அறை என்பதைக் கடைசி நேரத்தில் கம்பெனி முடிவு செய்யும். இருப்பதிலேயே மலிவான வகை அதுதான். டிப்ஸ் கட்டவில்லை. வைஃபை இல்லை. உடனே கப்பல் கம்பெனிக்குப் போன் போட்டோம். போனை எடுத்த பெண் மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் ஏஜெண்ட் மூலம் போட்ட புக்கிங்கில் எதை மாற்றுவதென்றாலும் அந்த ஏஜெண்ட்தான் கூப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டார். ரத்து செய்யவும் வழியில்லை. ஏழு இரவுப் பயணங்களுக்குக் கடைசித் தவணைத் தேதி பொதுவாகப் புறப்பாட்டுக்கு 75 முதல் 90 நாள் முன்னால் வரும். அதைத் தாண்டினால் அபராதம் ஏறிக்கொண்டே போகும், கடைசி இரண்டு வாரத்தில் அநேகமாக முழுப் பணமும் போய்விடும். அந்தத் தேதி கடக்கும்வரை எங்கள் கண்ணில் எதையும் காட்டாமல் வைத்திருந்தார் அந்த மனிதர்.

இதெல்லாம் பணம். சம்பாதித்துக்கொள்ளலாம். கால்வெஸ்டன் டெர்மினலில் நடந்ததைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

நியூஜெர்சித் தோழியின் குடும்பம் எச்1பி (வேலை விசா), எச்4 (அவர்களுடைய குடும்பத்தாருக்கான விசா). அமெரிக்காவில் தங்கும் காலத்தை நீட்டித்த ஐ-797 கடிதம் கையில் இருந்தது, பாஸ்போர்ட்டில் இருந்த விசா ஸ்டாம்பிங் மட்டும் காலாவதி. அவள் இதைப் பணம் கட்டும் முன்பே ஏஜெண்டிடம் எழுதிக் கேட்டிருக்கிறாள். “கால்வெஸ்டன்ல ஏறி கால்வெஸ்டன்லயே இறங்குறீங்க. முப்பது நாளுக்குள்ள திரும்பினா ஆட்டோமேட்டிக் ரீவேலிடேஷன், ஒண்ணும் பிரச்சினை இல்ல” என்று அவர் பதில் அனுப்பியிருக்கிறார். அந்த மெசேஜ் இப்போதும் இருக்கிறது.

காலாவதியான விசா ஸ்டாம்பிங்கோடே அமெரிக்காவுக்குள் திரும்ப விடும் அந்த விதி உண்மையில் இருக்கிறது. ஆனால் எச்1பி, எச்4 ஆட்களுக்குக் கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ மட்டும் போய்த் திரும்பினால்தான் அது செல்லும். கரீபியன் தீவுகளுக்குப் போய்வரும் சலுகை எஃப், ஜே விசாவில் இருக்கும் மாணவர்களுக்கும் எக்ஸ்சேஞ்ச் ஆட்களுக்கும்தான். ஜமைக்காவிலும் கேமனிலும் நிற்கும் கப்பலில் காலாவதியான எச்1பி ஸ்டாம்பிங்கோடு ஏற முடியாது. பிறப்புச் சான்றிதழும் டிரைவிங் லைசென்ஸும் இருந்தால் போதும் என்று க்ரூஸ் விளம்பரங்களில் வருவது அமெரிக்கக் குடிமக்களுக்கு. நமக்கு அல்ல.

செக்-இன் கவுண்டரில் இருந்தவர் நான்கு பாஸ்போர்ட்டையும் புரட்டினார், மேலதிகாரியைக் கூப்பிட்டார், இருவரும் தலையை ஆட்டினார்கள். பெட்டிகளை வாசலிலேயே போர்ட்டர்கள் டேக் கட்டி வாங்கிக் கப்பலுக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். பாட்டியின் பிரஷர் மாத்திரை அந்தப் பெட்டியில்தான். பெட்டி திரும்பி வரும்வரை அந்தக் குடும்பம் ஓரமாகப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தது. அவளுடைய சின்னப் பையன் நீச்சல் கண்ணாடியைக் காரிலேயே நெற்றியில் மாட்டிக்கொண்டு வந்திருந்தான். அம்மா அழுவதைப் பார்த்துவிட்டு அதைக் கழற்றி அவள் கைப்பைக்குள் வைத்தான். “நீங்க போங்கடி, எல்லார் புள்ளைங்களும் ஆசையா இருக்கு” என்று அவள்தான் எங்களை அனுப்பிவைத்தாள். ஏஜெண்டின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

கப்பலில் வேலை பார்ப்பவர்களைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். முதல் நாள் ராத்திரி டைனிங் ஹாலில் ஹெட் வெயிட்டரிடம், “எங்களுக்கு இந்தியன் வெஜ் சாப்பாட்டுக்குப் பணம் கட்டியிருக்கிறது” என்று சொன்னோம். கோவாக்காரர் அவர். புரியாமல் பார்த்தார். “இதுக்குத் தனியா பணமே கிடையாதே மேடம். முந்தின நாள் சொன்னீங்கன்னா கிச்சன்ல பண்ணிக் கொடுப்பாங்க” என்று ஹிந்தியில் சொன்னார். மறுநாளிலிருந்து பருப்பு, சாதம், ஒரு காய், சப்பாத்தி தினமும் மேஜைக்கு வந்தது. ஏஜெண்டின் பில்லில் இதற்கு ஆளுக்கு 120 டாலர் போட்டிருந்தது. கேட்டால் இனாமாகக் கிடைப்பதை விற்றிருக்கிறார். நீங்கள் எந்தப் பெரிய கப்பலில் போனாலும் முதலில் ஹெட் வெயிட்டரைத்தான் கேளுங்கள், இந்தியச் சமையல்காரர்கள் இல்லாத கப்பல் அபூர்வம்.

டிப்ஸ் விஷயமும் தெரிந்திருக்க வேண்டும். நடுத்தரக் கப்பல் கம்பெனிகளில் இப்போது ஆளுக்கு ஒரு நாளைக்கு 16 முதல் 20 டாலர் வரை அறைக் கணக்கில் தானாகவே ஏறும், குழந்தைகளுக்கும் சேர்த்துத்தான். 18 என்று வைத்தாலும் நான்கு பேருக்கு ஏழு இரவுக்கு 504 டாலர். ஏற்கெனவே ஏஜெண்டிடம் கொடுத்த அந்தத் தொகையை எங்கள் ஏழு குடும்பங்களும் கப்பலில் மறுபடி கட்டினோம். வேண்டாம் என்று எடுக்கச் சொல்லலாம் என்றார்கள். அறையைத் துடைக்கிறவர், தட்டு எடுக்கிறவர் கைக்குப் போகிற காசு அது. ஏஜெண்ட் திருடியதற்கு அவர்கள் வயிற்றில் அடிக்க எங்களுக்கு மனசு வரவில்லை.

ஃபால்மத்தில் எங்கள் பெயர் போட்ட போர்டோடு வேன் நிற்கும், டன்ஸ் ரிவர் அருவிக்குக் கூட்டிப் போகும் என்பது பேச்சு. போர்டும் இல்லை, வேனும் இல்லை. அந்த அருவி இருப்பது ஓச்சோ ரியோஸ் பக்கத்தில், ஃபால்மத்திலிருந்து ஒரு வழிக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். போர்ட்டில் காத்து நின்றதில் பாதிக் காலை போயிற்று. பிறகு ஜூட்டா என்ற டாக்சி சங்கத்தின் வண்டியில் பக்கத்துக் கடற்கரைக்குப் போய்வந்தோம். ஜமைக்காவில் உரிமம் பெற்ற வாடகை வண்டிகளுக்குச் சிவப்பு நம்பர் பிளேட் இருக்கும், அதைப் பார்த்து ஏறுங்கள். கப்பல் கம்பெனி மூலம் எடுத்த டூர் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், இல்லையென்றால் அவர்களே அடுத்த ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். வெளியாள் டூரில் நேரம் தவறினால் கப்பல் உங்களை விட்டுவிட்டுப் போய்விடும். கோசுமெல்லிலும் ஜமைக்காவிலும் கோடையில் கடிகாரத்தை மாற்றும் வழக்கம் கிடையாது, ஆகவே ஊர் நேரமும் கப்பல் நேரமும் ஒரு மணி வித்தியாசப்படலாம். கப்பல் நேரத்தையே பின்பற்றுங்கள்.

கிராண்ட் கேமனில் பெரிய கப்பல் ஒட்டி நிற்கத் துறை கிடையாது. நடுக்கடலில் நங்கூரம் போட்டுச் சின்னப் படகுகளில்தான் ஜார்ஜ் டவுனுக்கு ஆள் இறக்குவார்கள். அன்று அலை அதிகம் என்று கேப்டன் அந்த ஊரையே விட்டுவிட்டார். இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், டிக்கெட் ஒப்பந்தத்திலேயே அந்த உரிமை கப்பலுக்கு இருக்கிறது. துறைமுக வரியையும் அறைக் கணக்கில் திருப்பிப் போட்டார்கள். ஆனால் அங்கே திருக்கை மீன்களைப் பார்க்கும் ஸ்டிங்ரே சிட்டிக்கு என்று ஏஜெண்ட் வாங்கிய பணம் இன்றுவரை வரவில்லை.

திரும்பி வந்த பிறகு இன்னொன்றும் தெரிந்தது. எட்டு கேபின், பதினாறு பேர் சேர்ந்தால் ஒரு ஆளுக்கான கட்டணத்தை விட்டுக்கொடுப்பது பல கப்பல் கம்பெனிகளில் வழக்கம். எங்கள் கூட்டத்தால் கிடைத்திருக்க வேண்டிய அந்தச் சலுகை பற்றி ஏஜெண்ட் மூச்சுவிடவில்லை. ஏஜெண்டுக்குக் கமிஷன் கப்பல் கம்பெனியே கொடுக்கிறது. அதற்கு மேலும் நம்மிடம் கறந்தவர் அவர்.

இப்போது பணம் எந்த நிலையில் இருக்கிறது என்பதைச் சொல்கிறேன். கார்டில் கட்டிய ஹூஸ்டன் தோழி, சொன்னபடி சேவை தரவில்லை என்று வங்கியில் புகார் எழுதினாள். பால்கனி என்று போட்ட பிடிஎஃப்பையும் கப்பல் கம்பெனியின் ரசீதையும் சேர்த்துக் கொடுத்தாள். அறை வித்தியாசம், டிப்ஸ், டூர் மூன்றுக்கும் பணம் திரும்ப வந்துவிட்டது. கார்டு பில்லில் தகராறு இருந்தால் அந்த ஸ்டேட்மெண்ட் அனுப்பப்பட்ட 60 நாளுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பது 1974ஆம் ஆண்டுச் சட்டம். பயணத்துக்கு மாதக்கணக்கில் முன்பே பணம் கட்டிவிடுவதால் அந்தக் கெடு நமக்குத் தெரியாமலேயே ஓடிவிடும். அப்படியே கடந்திருந்தாலும் வங்கியைக் கேட்டுப் பாருங்கள், சேவை கிடைக்க வேண்டிய தேதியிலிருந்து நாள் கணக்கிடும் கார்டுகளும் உண்டு. ஸெல்லில் அனுப்பிய எங்களுக்கு, “நீங்களே விரும்பி அனுப்பிய பணம்” என்று வங்கி கையை விரித்துவிட்டது.

ஏஜெண்ட் டெக்சாஸிலேயே இருப்பதால் ஜஸ்டிஸ் கோர்ட்டில் குடும்பம் குடும்பமாகத் தனித்தனி வழக்குப் போட்டிருக்கிறோம். 20,000 டாலர் வரையான வழக்குகளை அங்கே வக்கீல் இல்லாமலே நடத்தலாம். மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவிலும் புகார் கொடுத்திருக்கிறோம். கப்பல் கம்பெனி மீது வழக்குப் போடலாமா என்று கேட்கிறவர்களுக்கு: பெரிய கம்பெனிகள் பலவற்றின் ஒப்பந்தத்தில் வழக்கு ஃப்ளோரிடாவில்தான் என்று எழுதியிருக்கும். அப்படி எழுதுவது செல்லும் என்று 1991இலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எங்கள் விஷயத்தில் அவர்கள் தப்பும் செய்யவில்லை.

கலிஃபோர்னியா, ஃப்ளோரிடா போன்ற மாநிலங்களில் பயணம் விற்கிறவர் அரசிடம் பதிவு செய்து, பதிவு எண்ணை விளம்பரத்திலேயே போட வேண்டும். அங்கே இருப்பவர்கள் போஸ்டரில் அந்த எண்ணைத் தேடுங்கள்.

இந்தக் கோடைக்கு ஏற்கெனவே முன்பணம் கொடுத்தவர்கள் இன்றைக்கே உங்கள் கேபினுக்கான கப்பல் கம்பெனி நம்பரை வாங்கி, அவர்களுடைய தளத்தில் போட்டுப் பாருங்கள். ஏஜெண்ட் நாளைக்கு, அடுத்த வாரம் என்றால் கம்பெனிக்கே போன் செய்து, பெயரையும் பயணத் தேதியையும் சொல்லி, இந்தக் கப்பலில் எங்கள் பெயரில் கேபின் இருக்கிறதா, கடைசித் தவணைத் தேதி என்ன என்ற இரண்டையும் கேளுங்கள். அந்தத் தேதிக்கு முன்னால் ரத்து செய்தால் நஷ்டம் முன்பணத்தோடு போகும், சில புக்கிங்குகளில் அதுவும் திரும்பி வரும். உங்கள் கூட்டத்தில் எச்1பி, எச்4 யாராவது இருந்தால் பாஸ்போர்ட்டைத் திறந்து ஸ்டாம்பிங் தேதியைப் பார்த்துவிட்டு அப்புறம் மீதிப் பணத்தைக் கட்டுங்கள்.