‘செலக்ட் ஆகிட்டீங்க’ என்று சொல்லிப் பணம் கேட்கிறார்களா?

சாலிகிராமம், வடபழனி, வளசரவாக்கம் பக்கம் ரூம் எடுத்து சினிமா வாய்ப்புத் தேடும் தம்பி, தங்கைகள் கவனத்துக்கு. பெரிய படக் கம்பெனியின் லோகோ போட்ட ‘புதுமுகங்கள் தேவை’ போஸ்டர்கள் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. லோகோதான் மாறும், ஏமாற்றும் முறை மாறாது.

போட்டோ அனுப்பிய கொஞ்ச நேரத்தில் ‘ஷார்ட்லிஸ்ட் ஆகிட்டீங்க’ என்று பதில் வரும். பதிவுக் கட்டணம் 499 அல்லது 999 கேட்பார்கள். கேட்டதும் கட்டுகிறவர் யார் என்று வடிகட்டத்தான் இந்தச் சின்னத் தொகை. கட்டியவருக்கு ‘கோ-டைரக்டர்’ போன் செய்வார். ஹீரோவுக்குத் தம்பி கேரக்டர், 20 நாள் கால்ஷீட் என்பார். பிறகு, அவர்கள் சொல்லும் போட்டோகிராபரிடமே போர்ட்ஃபோலியோ எடுக்க வேண்டும் என்று பதினைந்தாயிரம், இருபதாயிரம். அடுத்து, யூனியன் உறுப்பினர் கார்டு ‘வாங்கித் தர’ என்று பணம். அதற்கும் அடுத்து, ‘முதல் நாள் ஷூட்டிங்கில் திருப்பித் தருவோம்’ என்று காஸ்ட்யூம் டெபாசிட். போட்ட பணம் போய்விடுமே என்ற பயத்திலேயே மேலும் மேலும் கட்டுகிறார்கள். நம்பிக்கை வரவைக்க முத்திரைத்தாளில் ஒப்பந்தம் வேறு! அதில் படத்தின் பெயர் ‘புரொடக்‌ஷன் நம்பர் 1’. ஷூட்டிங் தேதி இருக்காது, சம்பளம் எப்போது என்பதும் இருக்காது. கட்டிய பணம் திருப்பித் தரப்படாது என்ற வரி மட்டும் பளிச்சென்று இருக்கும். அப்புறம் ஹீரோ டேட் இல்லை, மழை, ஃபைனான்ஸ் என்று ஷெட்யூல் தள்ளிப்போகும். ஒருநாள் போன் ஸ்விட்ச் ஆஃப்.

உண்மையான ஆடிஷனில் முதலில் ஒரு சீனோ நாலு வரி டயலாக்கோ கொடுப்பார்கள். பெயர், வயது, உயரம், தெரிந்த மொழிகள் சொல்லி, முகத்தை நேராகவும் இரண்டு பக்கமும் காட்டி வீடியோ கேட்பார்கள். எந்தத் தேதிகளில் ஃப்ரீ என்று விசாரிப்பார்கள். ஆரம்பத்தில் போர்ட்ஃபோலியோவுக்குச் செலவே வேண்டாம். ஜன்னல் வெளிச்சத்தில், மேக்கப் இல்லாமல், போனில் எடுத்த குளோசப், பக்கவாட்டுப் படம், முழு உருவப் படம் போதும்.

போஸ்டரில் இருக்கும் எண்ணுக்கே போன் போட்டு ‘உண்மையா?’ என்று கேட்பதில் பயனில்லை. எடுப்பது அதே ஆள்தான். அந்தக் கம்பெனியின் அலுவலக எண்ணை நீங்களாகத் தேடிப் பிடித்துக் கேளுங்கள். பிலிம் சேம்பரிலோ தயாரிப்பாளர் சங்கத்திலோ டைட்டில் பதிவாகியிருப்பது மட்டும் போதாது. படம் நிஜமாக இருந்தும், பேசுகிற ஆள் அதற்குச் சம்பந்தமில்லாதவராக இருக்கலாம். உறுப்பினர் கார்டை யாரும் ‘வாங்கித் தர’ வேண்டியதில்லை. நடிகர் சங்கமோ துணை நடிகர்களுக்கான யூனியனோ, அலுவலகத்துக்கு நேரில் போய் விதியைக் கேட்டு, பணம் கட்டினால் சங்கத்தின் பெயரில் ரசீது வாங்குங்கள்.

‘லுக் டெஸ்ட்’ என்று ஓட்டல் அறைக்குக் கூப்பிட்டாலோ, அரைகுறை உடையில் படம் அனுப்பச் சொன்னாலோ பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். அந்தப் படங்களை வைத்து அடுத்து மிரட்டுவார்கள்.

படம் நிஜம், ஷூட்டிங்கும் நிஜம், ஆனால் பேட்டா (அன்றைய நாளுக்கான சம்பளம்) வராது என்பது இன்னொரு கதை. கூட்டக் காட்சியில் நிற்க அழைத்துப்போகும் ஏஜென்ட், ஷூட்டிங் பேக்கப் ஆனதும் ‘அடுத்த ஷெட்யூலில் சேர்த்து வாங்கிக்கலாம்’ என்று வண்டி ஏறிவிடுவார். இதற்கு முதல் நாள் இரவே ஒரு மெசேஜ் போட வேண்டும்: எந்தப் படம், எந்த லொகேஷன், எத்தனை மணிக்கு, பேட்டா எவ்வளவு, கமிஷன் போகவா சேர்த்தா, நேரம் கூடினால் எவ்வளவு, யார் கையால், எப்போது. ‘ஓகே’ என்று பதில் வந்த பிறகு பஸ் ஏறுங்கள். வாய்ப்பேச்சை வைத்து யூனியனில் முறையிட்டால் எடுபடுவது கஷ்டம்.

பணம் போய்விட்டதா? உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்கத்தான் இந்த அவசரம். தேதி, தொகை, யுடிஆர் எண் (பரிவர்த்தனைக்கு வங்கி தரும் எண்), பணம் போன யுபிஐ ஐடி கையில் இருக்கட்டும். உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள். எதிராளி மெசேஜ்களை அழித்துவிடுவார் என்பதால், சண்டை போடுவதற்கு முன்பே வாட்ஸ்அப் சாட் முழுவதையும் எக்ஸ்போர்ட் செய்து, அவருடைய எண் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்துவிடுங்கள். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றதற்கான சிஎஸ்ஆர் ரசீது கேட்டு வாங்குங்கள்.

சில நாள் கழித்து ‘சைபர் பிரிவிலிருந்து பேசுகிறோம், உங்கள் பணம் கிடைத்துவிட்டது, பிராசஸிங் கட்டணம் அனுப்புங்கள்’ என்று ஒரு போன் வரலாம். உங்கள் எண்ணை வைத்திருக்கும் அதே கும்பலாகவும் இருக்கலாம். அதற்கும் பணம் அனுப்பாதீர்கள். அந்த எண்ணையும் புகாரில் சேர்த்துவிடுங்கள்.