பைக்ஸ் பீக்கில் விசிறிக் கார்: ஐந்து நிமிடமா, எட்டு நிமிடமா?

குடும்பிமலையை விட்டால் மட்டக்களப்பில் ஏறிப் பார்க்க ஒரு மேடு கிடையாது. ஆனால் மலையேற்றக் கார்ப் பந்தயத்தைப் பற்றி வாதாட ஆளுக்குக் குறைவில்லை. ஒவ்வொரு ஏப்ரலிலும் நுவரெலியா மகாகஸ்தோட்டப் பந்தயம் பற்றிக் கதைத்துத் தீர்க்கும் எங்கள் கூட்டம், இந்த முறை அமெரிக்காவரை போய்விட்டது. கேள்வி இதுதான்: கிரான் டூரிஸ்மோ 5 என்ற வீடியோ விளையாட்டில் வரும் ரெட் புல் எக்ஸ்2010 என்ற கற்பனைக் காரை, கொலராடோவின் பைக்ஸ் பீக் மலைப்பாதையில் விட்டால் எத்தனை நிமிடத்தில் உச்சிக்குப் போகும்?

காரைத் தெரியாதவர்களுக்கு: ஃபோர்முலா 1 வடிவமைப்பாளர் ஏட்ரியன் நியூயி, பந்தய விதிகளே இல்லை என்றால் எப்படி ஒரு கார் செய்வார் என்பதற்கான பதில் அது. 545 கிலோ எடை, 1,483 குதிரைவலு, காருக்கு அடியிலுள்ள காற்றை உறிஞ்சித் தரையோடு ஒட்டவைக்கும் ஒரு விசிறி. பைக்ஸ் பீக் பாதையோ 19.99 கிலோமீற்றர், 156 வளைவுகள், 1,440 மீற்றர் ஏற்றம். தொடக்கக் கோடே 2,862 மீற்றரில் இருக்கிறது. நம்முடைய பீதுருதலாகலையின் உச்சி 2,524 மீற்றர்தான் என்பதை வைத்து யோசியுங்கள். முடிவுக் கோடு 4,302 மீற்றரில்.

ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டும். 2018இல் ரொமெய்ன் டுமாஸ், ஃபோக்ஸ்வாகன் ஐ.டி. ஆர் என்ற மின்சாரக் காரில் 7 நிமிடம் 57.148 செக்கனில் ஏறினார். சராசரி வேகம் மணிக்கு 151 கிலோமீற்றர். அதற்கு முந்தைய சாதனை நேரம் 2013இல் செபஸ்தியன் லோப் பெஜோ 208இல் எடுத்த 8:13.878. இன்னும் பழைய நேரங்களை எடுத்து ஒப்பிடாதீர்கள். 2012 பந்தயத்தில்தான் முதல் தடவையாகப் பாதை முழுக்கத் தார் இருந்தது. அதற்கு முன் ஒரு பகுதியையாவது புழுதியில் ஓடியவர்கள்.

முதல் வழி, வேறொரு பாதையின் விகிதத்தை இங்கே கொண்டுவருவது. ஜெர்மனியின் நியூர்பர்க்ரிங் பந்தயப் பாதையில் ஐ.டி. ஆர் 2019இல் 6:05.336 எடுத்தது. அதற்கு முந்தைய வருடம் போர்ஷே 919 ஈவோ என்ற பந்தயக் கார் எடுத்தது 5:19.546. அந்த விகிதத்தை அப்படியே பைக்ஸ் பீக்கில் போட்டால் 919க்கு 6:57 கிடைக்கிறது. நியூயியின் கார் 919ஐ விட வேகமானது, ஆகவே ஏழு நிமிடத்துக்குக் கீழே என்று முடிக்கலாம். கணக்கு சுலபம், அதனால்தான் எல்லோரும் இதைச் செய்கிறார்கள். ஆனால் 919 அந்த நேரத்தை எடுத்ததில் நீண்ட நேர்ப்பாதைக்குப் பெரிய பங்கு. 369 கிலோமீற்றர் வேகம் தொட்டது. பைக்ஸ் பீக்கில் அப்படி ஓட இடம் எங்கே? போதாக்குறைக்கு, காரைத் தரையோடு அழுத்தும் 919இன் இறக்கைகளுக்கு அடர்ந்த காற்று வேண்டும். கொலராடோவில் தொடக்கத்தில் கடல்மட்டக் காற்றின் முக்கால்வாசிதான், உச்சியில் மூன்றில் இரண்டு பங்கும் இல்லை. இறக்கை தரும் அழுத்தமும் அதே அளவு குறையும்.

இரண்டாவது, நிஜமான ஒரு விசிறிக் காரை வைத்துப் பார்ப்பது. இங்கிலாந்தின் குட்வுட் மேட்டில் 2019இல் ஐ.டி. ஆர் 39.90 செக்கன் எடுத்தது. 2022இல் மக்மர்ட்ரி ஸ்பியர்லிங் என்ற விசிறிக் கார் 39.08. வித்தியாசம் இரண்டு வீதம். அதைப் பைக்ஸ் பீக்கில் பெருக்கினால் 7:47 வருகிறது. பாருங்கள், இத்தனை ஆர்ப்பாட்டத்துக்கும் பத்துச் செக்கன்தான். ஆனால் குட்வுட் இரண்டு கிலோமீற்றர்கூட இல்லாத ஓட்டம், கொண்டையூசி வளைவு என்று சொல்ல ஒன்றுமில்லை. விசிறியின் திறமை தெரியவே தெரியாத இடத்தில் அதற்குப் பரீட்சை வைத்ததுபோல. நான் இதை நம்பவில்லை.

மூன்றாவது வழிதான் எனக்குப் பிடித்தது, கூட்டத்தில் அதிகம் சத்தம் வந்ததும் இதற்குத்தான்: பௌதிகத்திலிருந்து தொடங்குவது.

முதலில் ஏற்றத்தைக் கணக்கிடுங்கள். ஓட்டுநரோடு 620 கிலோவை 1,440 மீற்றர் தூக்க ஏறக்குறைய 88 இலட்சம் யூல் சக்தி வேண்டும். 1,483 குதிரைவலு எஞ்சினுக்கு அது எட்டுச் செக்கன் வேலை! ஐ.டி. ஆருக்கே சுமார் 31 செக்கன்தான். ஆக, மலை ஏறுவது பிரச்சினையே இல்லை. நேரத்தைத் தின்பது வளைவுகள்.

15 மீற்றர் ஆரையுள்ள ஒரு கொண்டையூசி வளைவை எடுப்போம். நல்ல பந்தய டயருக்கு உராய்வுக் குணகம் 1.5 என்று வைத்தால், அந்த வேகத்தில் இறக்கைக்கு வேலை இல்லாததால், கார் மணிக்கு 53 கிலோமீற்றரில்தான் திரும்பலாம். ஆயிரம் கிலோ காரை விசிறி இன்னும் 2,000 கிலோ அளவுக்கு அழுத்தினால் அதே வளைவில் 92 கிலோமீற்றர். காரின் எடை குறையக் குறைய இலாபம் கூடும். 620 கிலோ என்றால் வேகம் இரு மடங்கையே தாண்டும். கல்முனைக்கார நண்பன் ஐந்து நிமிடம் என்று அடித்துச் சொன்னது இதை வைத்துத்தான். எல்லா இடத்திலும் ஒன்றரை மடங்கு வேகம் என்றால் 5:18.

"டேய் மச்சான், காத்தே இல்லாத இடத்தில விசிறி எதை உறிஞ்சும்?" என்று இன்னொருவன் கேட்டான். சரியான கேள்வி. விசிறி உண்டாக்கும் அழுத்த வித்தியாசமும் காற்றின் அடர்த்தியோடு சேர்ந்தே குறையும். உச்சியில் அந்த 2,000 கிலோ 1,300 ஆகிவிடும், ஆயிரம் கிலோ காரின் 92 கிலோமீற்றர் 81க்கு இறங்கும். விசிறியை ஏறக்குறைய கால்வாசி கூடுதல் வேகத்தில் சுழற்றினால் இதை ஈடுகட்டலாம். அதனால் இது மரண அடி இல்லை.

மரண அடி வேறு இடத்தில் இருக்கிறது. விசிறி வேலை செய்ய காரின் ஓரங்கள் தரையோடு ஒட்டி மூடியிருக்க வேண்டும். பழைய விசிறிக் கார்களைப் பாருங்கள்: 1970இன் சப்பரல் 2ஜே, 1978இல் சுவீடனில் நிக்கி லவுடா வென்ற பிராபம் பிடி46பி, இரண்டுக்கும் ஓரத்தில் பாவாடை கட்டியிருந்தார்கள். அவை ஓடியது சமமான பந்தயத் தளத்தில். பைக்ஸ் பீக்கின் மேல்பகுதித் தார் உறைபனியில் பொங்கி மேடு பள்ளமாகக் கிடக்கிறது. ஒரு மேட்டில் கார் துள்ளினால் காற்று உள்ளே புகும், பிடிமானம் அந்த நொடியே போய்விடும். இறக்கைக் கார் வழுக்க ஆரம்பித்தால் ஓட்டுநருக்குக் கொஞ்சம் அறிகுறியாவது தெரியும். இதில் இருமடங்கு வேகத்தில் வளைவுக்குள் இருக்கும்போது ஒட்டுப்பிடி அறுந்துவிடும், வெளியே பல இடங்களில் தடுப்புச் சுவரும் இல்லை. பயிற்சியும் துண்டு துண்டாகத்தான். முழுப் பாதையையும் பந்தய வேகத்தில் ஓடுவது பந்தய நாளில் ஒரே ஒரு முறை. 8 ஜி, அதாவது புவியீர்ப்பின் எட்டு மடங்கு, பக்கவாட்டு விசையைத் தாங்கும் கழுத்து இருந்தாலும், அந்த இடத்தில் காலை அழுத்தும் மனம் வேண்டுமே.

"அப்ப மறுகா நீ எவ்வளவு எண்டு சொல்லு" என்றார்கள். ஐ.டி. ஆரின் நேரத்தைக் கீழ், நடு, மேல் என்று மூன்று சம துண்டாக வெட்டினேன். கீழே வேகமான வளைவுகள் அதிகம், அங்கே ஐ.டி. ஆரின் இறக்கையும் வேலை செய்யும். ஆகவே விசிறிக் கார் 30 வீதம் கூடிய வேகம். நடுவில் கொண்டையூசிகள், 35 வீதம். மேலே 10 வீதத்துக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை. கூட்டினால் 6 நிமிடம் 25 செக்கன், சராசரி 187 கிலோமீற்றர். இந்த மூன்று வீதங்களும் என் மதிப்பீடுதான். நடுத்துண்டை 50 ஆக்கினாலும் 6:13க்குக் கீழே போகாது. மேல்துண்டைச் சமப்படுத்தித் தார் போட்டால் மட்டும் கல்முனைக்காரனோடு மறுபடி கதைக்கலாம்.