டக்ட் டேப் உறையோடு நான்கு ஆண்டுகள்

ஆப்பிளின் பழைய பாட்டுக் கருவியான என் ஐபாட் கிளாசிக் இப்போது போட்டிருப்பது, டக்ட் டேப் என்ற தடித்த துணி டேப்பில் நான் செய்த இரண்டாவது உறை. முதல் உறை ஐந்து மாதம்கூடத் தாங்கவில்லை. இரண்டாவது நான்கு ஆண்டுகளாக உழைக்கிறது. இரண்டும் ஒரே டேப் சுருளிலிருந்து வெட்டியவை, ஒரே கை செய்தவை. ஒன்று ஏன் போனது, மற்றது ஏன் நின்றது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். டக்ட் டேப்பில் உறை செய்யும் முறைகள் தேடினால் நிறையக் கிடைக்கும். ஓராண்டு கழித்து அந்த உறை என்ன ஆனது என்பதைத்தான் எங்கும் காண முடிவதில்லை.

ஐபாட் கிளாசிக்கின் தயாரிப்பு 2014-இல் நின்றுவிட்டது. கடைசியாக நான் வாங்கிய சிலிக்கான் உறை சில மாதங்களிலேயே வாய் தளர்ந்து, பையிலிருந்து எடுக்கும்போதெல்லாம் கழன்று வந்தது. இந்தக் கருவியின் முதுகு கண்ணாடிபோல மெருகேற்றிய எஃகு. சாவிக்கொத்தோடு ஒரு நாள் ஒரே பையில் கிடந்தால் போதும், கோடு கோடாகிவிடும். உள்ளே சுழல்வது 1.8 அங்குல ஹார்டு டிஸ்க். அது அடி வாங்கக் கூடாது என்ற கவலை வேறு.

முதல் உறையை எல்லோரும் செய்கிற வழியில்தான் செய்தேன். பிளேயரைக் காகிதத்தில் சுற்றி, அதன்மேல் டேப்பை இழுத்து ஒட்டினேன். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது; கைக்கு அடக்கமாக, அழகாகவும் இருந்தது. வெயில் காலம் வந்ததும் ஓரங்களில் பசை கசியத் தொடங்கியது. சட்டைப் பையின் பஞ்செல்லாம் அதில் ஒட்டிக் கறுத்தது. ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருந்த பட்டைகள் பிரியவில்லை. ஆனால் நாளுக்கு நாள் மெல்ல நகர்ந்து விலகின. உள்ளே காகிதம் நைந்து, பசை நேராக எஃகில் பிடித்துக்கொண்டது. உறையைக் கத்தரித்துத்தான் பிளேயரை வெளியே எடுத்தேன். சமையல் எண்ணெயைத் தடவிச் சிறிது நேரம் ஊறவிட்டு, பிறகு ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்தால் அந்தப் பசை சுத்தமாகப் போய்விடுகிறது. எண்ணெய் ஹெட்ஃபோன் துளைக்குள் இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த டேப்பின் பிறவியைத் தெரிந்துகொண்டால் இது ஏன் நடக்கிறது என்று விளங்கும். மேலே பாலிஎத்திலீன், நடுவில் நூல் வலை, அடியில் ரப்பர் பசை என மூன்று அடுக்கு. நூல் வலை இருப்பதால்தான் கையாலேயே நேராகக் கிழிக்க முடிகிறது. 1943-இல் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் ஒரு வெடிமருந்து ஆலையில் வேலை செய்த வெஸ்டா ஸ்டவுட் என்ற பெண்மணி, தோட்டாப் பெட்டிகளை மூட நீர் புகாத துணி டேப் வேண்டும் என்று அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கே கடிதம் எழுதினார். அவருடைய இரண்டு மகன்கள் அப்போது கடற்படையில் இருந்தார்கள். போர்முனையில் சட்டென்று கிழித்து எறியத்தக்க டேப்பைத்தான் அந்தத் தாய் கேட்டார். ஆண்டுக்கணக்கில் சூட்டையும் இழுவையையும் தாங்கும் டேப்பை அல்ல. கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் 1998-இல் வெளியிட்ட சோதனை முடிவுகளிலும், வெப்பக் காற்றுக் குழாய்களின் இணைப்புகளை அடைக்கும் வேலையில் தோற்றது இந்தத் துணி டேப்தான். என் சட்டைப் பையில் நடந்ததும் அதே கதையின் சிறு வடிவம். ரப்பர் பசை ஒட்டும். ஆனால் ஓயாத இழுவையில், சூட்டில், ஊர்ந்துகொண்டே இருக்கும்.

ஆகவே இரண்டாவது உறையில் பசைக்கு ஒட்டும் வேலையை மட்டும் கொடுத்தேன். இழுவையைத் தாங்க நூலை வைத்துத் தைத்தேன்.

என் டேப்பின் அகலம் 48 மில்லிமீட்டர். மூன்று பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று பத்து மில்லிமீட்டர் ஏறும்படி ஒட்டினால் 124 மில்லிமீட்டர் உயரத்துக்கு ஒரு தாள் கிடைக்கும். பிளேயரின் உயரம் 103.5, மீதி அடிப்பக்கம் மடிக்க. தாளின் பசைப் பக்கத்தில் தடித்த ஃபிளானல் துணியை அழுத்தி ஒட்டினேன். முதலில் பழைய பருத்திச் சட்டைத் துணியை வைத்துப் பார்த்தேன். மெல்லிய துணி என்பதால் சில வாரங்களில் பசை ஊடுருவி வந்துவிட்டது. துணி தடிப்பாக இருப்பது அவ்வளவு முக்கியம். அளவெடுக்கும்போது வெறும் பிளேயரை அளக்காதீர்கள். 61.8 அகலம், 10.5 தடிமன் என்று கணக்குப் போட்டு நான் வெட்டிய முதல் தாளுக்குள் பிளேயர் போகவே இல்லை. பிளேயரின்மேல் துணியைச் சுற்றிவிட்டு, அதற்குமேல் நூலைச் சுற்றி அளப்பதுதான் சரி.

பக்கவாட்டு இணைப்பை 15 மில்லிமீட்டர் ஏற்றி ஒட்டி, தடித்த நூலால் இரண்டு வரிசை தைத்தேன். ஊசியில் பசை ஏறி நூல் நகராது. நாலைந்து குத்துக்கு ஒருமுறை ஊசியை எண்ணெய்த் துணியில் துடைத்தால் வழுக்கிக்கொண்டு போகும். ஒரு மாலைப் பொழுது முழுவதும் இதற்கே போயிற்று. ஆனால் அந்தத் தையல் இன்றுவரை ஒரு மயிரிழைகூட விலகவில்லை.

சுழல் சக்கரத்துக்கு வட்டமாகத் திறப்பு வேண்டும். அது விரலின் தொடுகையை மின்னேற்றத்தால் உணர்கிறது. டேப்பும் துணியும் குறுக்கே வந்தால் சரியாக வேலை செய்யாது. வட்டத்தை அப்படியே வெட்டினால் ஓரத்தில் நூல் பிரியும். நடுவிலிருந்து சூரியக் கதிர்போலக் கீறி, ஒவ்வொரு கதிரையும் உள்பக்கம் மடித்து ஒட்டினால் ஓரம் உருண்டையாக நிற்கும். திரைக்குக் கோப்பு உறையின் தெளிவான பிளாஸ்டிக்கை வைத்தேன். அதன் அடியில் தூசி சேர்ந்து, துடைக்கவும் முடியாமல், ஓராண்டில் பிய்த்துவிட்டேன். இப்போது திரை திறந்தே இருக்கிறது.

நான்கு ஆண்டுகளில் மேல்பக்கத்தின் வெள்ளிப் பூச்சு தேய்ந்து, மூலைகளில் நூல் வலை தெரிகிறது. மேசை உயரத்திலிருந்து இரண்டு முறை விழுந்தது. இரண்டு முறையும் பாட்டு நிற்கவில்லை. அதற்கான பெருமை ஃபிளானலுக்கே. டேப்பு அதிர்ச்சியை வாங்காது, கீறலைத்தான் தடுக்கும். பெரிய அடிக்கு இந்த உறையை நம்பி எறிய வேண்டாம். சார்ஜ் ஏற்றும்போதும் பாடல்களை மாற்றும்போதும் பிளேயரை வெளியே எடுத்துவிடுகிறேன். வெயிலில் நிறுத்திய காரில் ஒருபோதும் விடுவதில்லை. இந்த இரண்டு பழக்கங்களால்தான் பசைக் கசிவு ஏறக்குறைய நின்றது என்பது என் கணிப்பு.

கடையில் விற்கும் நல்ல தோல் உறைக்கு இது ஈடாகாது. கையில் பிடித்தால் பிளாஸ்டிக்கின் வழவழப்பு இருக்கிறது, வியர்த்தால் நழுவுகிறது. ஆனாலும் எங்கே கெட்டாலும் அந்த இடத்தை மட்டும் மாற்றலாம். அடிப்பட்டைதான் முதலில் நைகிறது. ஏறக்குறைய ஆண்டுக்கு ஒருமுறை அதை உரித்துப் புதிதாக ஒட்டுகிறேன். போன வாரம் மூன்றாம் முறையாக மாற்றினேன். உரிக்கும்போது உள்ளே ஃபிளானல் இன்னும் சுத்தமாக, பசை படாமல் இருந்ததைப் பார்த்தேன். முதலில் வெட்டிய அட்டை அச்சை மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். அதன்மேல் துளைகளின் இடங்களைப் பென்சிலால் குறித்தும் வைத்திருக்கிறேன்.