சேர்ந்து படிக்க ஒரு செயலி: ஸ்டோரிகிராஃப்

எங்கள் வாசிப்புக் குழு இப்போது கூடுவது ஸ்டோரிகிராஃப் செயலியில்தான். படிக்கும் புத்தகங்களைப் பதிவுசெய்து வைக்கும் செயலி இது; நாடியா ஒடுனாயோ என்ற மென்பொருள் பொறியாளர் 2019இல் உருவாக்கத் தொடங்கியது. எனக்கு ரொம்பப் பிடித்தது 'பட்டி ரீட்' (buddy read), அதாவது நண்பர்கள் சேர்ந்து ஒரே புத்தகத்தைப் படிக்கும் வசதி: 150ஆம் பக்கத்தைப் பற்றி ஒருவர் எழுதும் குறிப்பு, நான் அந்தப் பக்கத்தைத் தொடும்வரை பூட்டியே கிடக்கும். முடிவை யாராவது போட்டு உடைத்துவிடுவார்களோ என்ற பயமே இல்லை. "பிள்ளைக்குக் காய்ச்சல். மருந்து கொடுத்துத் தூங்கவைத்துவிட்டு நாலு பக்கம் படித்தேன். கதையில் வரும் இந்த அம்மா என்னை அழவைத்துவிட்டாள்" என்று தோழி எழுதியிருந்தாள். நான் அதே இடத்துக்கு வந்தபோதுதான் அது திறந்தது; எனக்கும் கண் கலங்கிவிட்டது. புத்தகத்துக்குக் கால் நட்சத்திரக் கணக்கில்கூட மதிப்பெண் போடலாம், எனக்கு அது பெரிதில்லை. ஆளுக்கொரு வேகத்தில் படிக்கும் குழு என்றால் தயங்காமல் சேருங்கள்.