அக்காவின் ஏவிஎம்: சிங்கப்பூரா, வேலூரா, ஃபீனிக்ஸா?

அக்கா தொடக்கப்பள்ளியில் தமிழாசிரியர். வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே வலிப்பு வந்து விழுந்துவிட்டார். ஸ்கேனில் தெரிந்தது ஏவிஎம். மூளையில், தமனி ரத்தம் நுண்குழாய்கள் வழியே போகாமல், வேகம் தணியாமலேயே நேரே சிரைக்குள் பாய்கிற ஒரு ரத்தக்குழாய் முடிச்சு அது. நல்லவேளை, இதுவரை கசியவில்லை. செய்தி பரவிய ஒரே வாரத்தில் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு ஊர் சொன்னார்கள். பெரியப்பா வேலூர் என்றார், அத்தானின் நண்பர் அமெரிக்காவில் ஃபீனிக்ஸ் என்றார், எனக்கு இங்கே சிங்கப்பூரிலேயே போதும் என்று பட்டது. இரண்டு மாதம் இதையே அலசியிருக்கிறேன்.

ஊரைப் பார்க்கும் முன் முடிச்சின் தரத்தை, அதாவது அறுவை எவ்வளவு சிரமம் என்பதைப் பார்க்க வேண்டும். 1986இல் வந்த ஸ்பெட்ஸ்லர்-மார்ட்டின் கணக்கைத்தான் மருத்துவர்கள் இன்றும் போடுகிறார்கள். முடிச்சு 3 செ.மீ.க்குக் கீழ் என்றால் 1 புள்ளி, 6 வரை 2, அதற்கு மேல் 3. பேச்சு, அசைவு, பார்வை போன்ற முக்கியப் பகுதியில் இருந்தால் இன்னொன்று, ஆழ்சிரைக்குள் ரத்தம் வடிந்தால் இன்னொன்று. மொத்தம் 1, 2 என்றால் நல்ல நரம்பியல் பிரிவு உள்ள எந்த ஊரிலும் அறுவை செய்துகொள்ளலாம். 4, 5 என்றால் வெடிக்காதவரை பெரும்பாலும் தொடமாட்டார்கள். அக்காவுடையது 2.5 செ.மீ., இடது பக்கம் மொழிப் பகுதியை ஒட்டி, ஆழ்சிரை வடிகாலுடன். மொத்தம் 3. எந்தப் பக்கமும் சாயாத இந்த நடுத்தரத்தில்தான் யார் கை, எந்த ஊர் என்ற கேள்வியே வருகிறது.

தொடத்தான் வேண்டுமா என்பது அதற்கும் முந்திய கேள்வி. 2014இல் வெளியான அருபா ஆய்வில் வெடிக்காத ஏவிஎம் உள்ள 223 பேரைச் சராசரியாக 33 மாதம் கவனித்தார்கள். பக்கவாதமோ மரணமோ நேர்ந்தது, மருந்தோடு விட்டவர்களில் 10.1 சதவீதம், அறுவை, மெல்லிய குழாய்விட்டு ரத்தநாளத்தை அடைப்பது, கதிர் என்று ஏதாவது செய்துகொண்டவர்களில் 30.7 சதவீதம். படித்த அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. ஆனால் அதில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் சொற்பம், 33 மாதமும் குறுகிய காலம். ஆண்டுக்கு 2 முதல் 4 சதவீதம் கசியும் அபாயம் வாழ்நாள் முழுக்கச் சேர்ந்துகொண்டே போகும். 105இலிருந்து வயதைக் கழித்தால் வாழ்நாள் அபாயம் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு, 41 வயது அக்காவுக்கு அது 64 சதவீதம். அதனால்தான் சும்மா இருக்க மனம் ஒப்பவில்லை.

சரி, ஊர்கள். ஃபீனிக்ஸில் இருக்கும் பாரோ நிலையம் பெரிய பெயர். அந்தத் தரக்கணக்கில் பெயர் உள்ள ஸ்பெட்ஸ்லர் பல்லாண்டு பணியாற்றிய இடம். மூளைத்தண்டில் கேவர்னோமா (மெல்லிய சுவருள்ள ரத்தக்குழாய்களின் கொத்து) என்றால், பத்தோடு பதினொன்றாக அதைச் செய்யும் கையைத் தேடி அவ்வளவு தூரம் போவதில் நியாயம் இருக்கிறது. அக்காவின் நிலைக்கு அது தேவையில்லை. வீட்டை விற்றுப் போய்ச் சேர வேண்டிய தூரம் அது.

வேலூரை அப்படித் தள்ள முடியாது. இந்தியாவின் முதல் நரம்பு அறுவைத்துறையை 1949இல் ஜேக்கப் சாண்டி தொடங்கியது அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில்தான். வருகிற நோயாளிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ற கைப்பழக்கமும் உண்டு. என்னை உண்மையிலேயே அசைத்தது மொழி. அறுவைக்குப் பின் பேச்சு தடுமாறினால் பேச்சுப் பயிற்சி தமிழில் கிடைக்கும். அக்காவுக்குத் தமிழ்தான் சோறு. இங்கே தமிழில் பேச்சுப் பயிற்சி தருபவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

ஆனால் செலவுக் கணக்கில் ஏமாந்துவிடக் கூடாது. சிங்கப்பூர் தேக்காவில் ஒரு ஏஜண்ட், சென்னைத் தனியார் மருத்துவமனையின் 'பேக்கேஜ்' தொகையை இங்குள்ள தனியார் மருத்துவமனைத் தொகையோடு வைத்துக் காட்டினார். நாம் அதை ஒப்பிட வேண்டியது இங்குள்ள அரசு மருத்துவமனையின் மானியப் படுக்கையோடு. சி வகுப்பில் 80 சதவீதம் வரை மானியம், மேலே மெடிஷீல்டு லைஃப் என்ற தேசிய மருத்துவக் காப்புறுதி, மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்பு. திட்டமிட்டு இந்தியா போய்ச் செய்யும் அறுவைக்கு மெடிசேவிலிருந்து எடுக்க முடியாது. தொகுப்பில் இல்லாதவற்றையும் கேட்டேன். தீவிர சிகிச்சையில் கூடுதல் நாள், குழாய் வழியே அடைப்பு இன்னொரு முறை, தங்குமிடம். ஏஜண்ட் பேச்சை மாற்றினார்.

அப்புறம் திரும்பி வரும் பயணம். மண்டையோட்டைத் திறந்தால் உள்ளே கொஞ்சம் காற்று தங்கும், விமானத்தில் அழுத்தம் குறையும்போது அது விரியும். அது கரைந்துவிட்டது என்று ஸ்கேனில் பார்த்துத்தான் பறக்க விடுவார்கள். நான்கு மணி நேரப் பயணம்தானே என்று பெரியப்பா சொன்னபோது இது எங்கள் யாருக்கும் தெரியாது. கத்தியில்லாமல் கதிர் பாய்ச்சும் கதிர் அறுவை என்றாலோ முடிச்சு மூட 2, 3 ஆண்டு ஆகும், அதுவரை கசியும் அபாயம் இருக்கும், ஸ்கேன் தொடரும். அக்காவுக்கு நடு இரவில் தலைவலி வந்தால் வேலூருக்கு யார் போன் போடுவது?

என் கட்சி இதுதான்: நோயாளி வேண்டாம், படங்கள் பயணம் செய்யட்டும். எம்ஆர்ஐயையும், அதைவிட முக்கியமாகத் தொடை வழியே குழாய்விட்டு எடுத்த ஆஞ்சியோகிராமையும் டைகாம் கோப்புகளாகவே, அதாவது ஸ்கேன் கருவியின் அசல் வடிவிலேயே, கேட்டு வாங்கினோம். வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்தைப் பார்த்து எவரும் கருத்துச் சொல்ல முடியாது. வேலூரில் ஒரு மூத்த மருத்துவரும் தேசிய நரம்பியல் கழகத்தில் அக்காவைப் பார்க்கும் குழுவும் ஒன்றையே சொன்னார்கள்: முதலில் குழாய் வழியே அடைத்து ரத்தவேகத்தைக் குறைத்து, பிறகு அறுவை. எத்தனை கட்டமாக அடைப்பது என்பதில்தான் கருத்து வேறுபாடு. அதை எழுதி எடுத்துக்கொண்டு கழகம் இருக்கும் நொவீனாவுக்குப் போனோம், மருத்துவர் முகம் சுளிக்காமல் அரை மணி நேரம் படத்தைக் காட்டி விளக்கினார்.

அறுவை இங்கேதான், பள்ளி விடுமுறையில். பேச்சுப் பயிற்சிக்குத் தமிழ் பேசும் ஒருவரை வேலூர் மருத்துவரே சொல்லியிருக்கிறார், காணொளி வழியே நடத்துவாராம். அக்கா இப்போதே தன் மூன்றாம் வகுப்புப் பாடப்புத்தகத்தை அவருக்கு அனுப்பிவிட்டார்.