அர்பன் ஹெல்த் சென்டர் ஓபி போஸ்டிங் எப்படி?

கம்யூனிட்டி மெடிசின் போஸ்டிங்னாலே நீட் பிஜிக்கு (மேற்படிப்பு நுழைவுத் தேர்வு) படிக்கிற டைம்னு நிறைய இன்டர்ன்ஸ் நினைக்கிறாங்க, ஆனா இந்த சென்டர் ஓபி உண்மையிலயே சூப்பர். கேஸ் பார்த்துட்டு வந்து சொன்னா, எங்களுக்கு சொல்லித்தர்ற டாக்டர் மேடம் உடனே ஆன்சர் சொல்ல மாட்டாங்க, "நீ என்னன்னு நினைக்கிற, ஏன்?"னு கேப்பாங்க, அப்புறம் ஒரே ஒரு பாயிண்ட் சொல்லித்தருவாங்க, சரியா பண்ணது தப்பா பண்ணது ரெண்டையும் அங்கயே சொல்லிடுவாங்க. 1992-ல அமெரிக்க ஃபேமிலி மெடிசின் டாக்டர்ஸ் எழுதின ஒன் மினிட் ப்ரிசெப்டர் முறைதான் இது, கூட்டமான ஓபிக்கு அவ்ளோ பொருத்தம். சுகர் மாத்திரை வாங்க வந்த பாட்டியை செருப்பு கழட்ட சொல்லி 10 கிராம் மோனோஃபிலமென்ட்டை (சுகர்னால பாதத்துல உணர்ச்சி போயிருக்கான்னு தொட்டுப் பார்க்கிற நைலான் இழை) என் கையில குடுத்தாங்க, கால் கட்டைவிரல்ல வச்சா பாட்டிக்கு ஒண்ணுமே தெரியல. வார்டுல நாங்க இதை புண்ணு வந்தப்புறம்தான் பார்ப்போம். ரூம் மட்டும் ரொம்ப சின்னது, நாலு பேர் சுத்தி நின்னா பேஷண்ட் கூச்சப்படுறாங்க, ரெண்டு ரெண்டு பேரா அனுப்பலாம்.